மண்டிக்காரர் வரிக் கணக்கில் நான்

எனக்கு இன்கம்டாக்ஸ் நோட்டீஸ் வந்தது ஓர் ஆனி மாதத்து முற்பகலில். இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம். சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்டு, குற்றாலத்தில் பங்களாக்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. மேலகரத்தில் நான் குடியிருந்த வாடகை வீட்டுக் கூடத்தில் பதினாறு சாப்பாட்டுக் கேரியர்கள் திறந்து கிடந்தன. சீசனுக்கு வந்தவர்களுக்குச் சமைத்து அனுப்புவதுதான் என் பிழைப்பு. சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவளைத் தபால்காரர் வாசலில் நின்று கூப்பிட்டார்.

"எம்மா, ரிஜிஸ்தர் தபாலு. இன்கம்டாக்ஸ் ஆபீசிலேர்ந்து வந்திருக்கு. இருவது வருசமா இந்த லைன்ல தபால் குடுக்கேன், ஒரு பொம்பள பேருக்கு இது வந்து பாத்ததில்ல!"

கரண்டியை அப்படியே குண்டானில் விட்டுவிட்டு ஓடினேன். பயம் ஒரு பங்கு என்றால் பெருமை இரண்டு பங்கு. தென்காசி பஜாரில் பெரிய பெரிய தலைகளெல்லாம் இந்த நோட்டீஸ் வந்தால் இரண்டு நாள் சாப்பிட மாட்டார்கள் என்று கேள்வி. அது எனக்கு வந்திருக்கிறது! கையெழுத்துப் போட்டு வாங்கி, உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ளே முழுக்க இங்கிலீஷ். அந்த எழுத்துக் காட்டில் எனக்குப் புரிந்தது இரண்டே பெயர்கள்தான். ஒன்று என் பெயர், இன்னொன்று என் பழைய புருஷர் பெயர்.

அன்றைக்குக் கேரியர் கொண்டுபோக வந்த வண்டிக்காரர், நான் ரசத்துக்கு உப்புப் போட்டேனா என்று கேட்டார். போட்டேனா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பழைய புருஷர் என்று ஒருமுறை சொல்லியாயிற்று, அது போதும். இனிமேல் அவரை மண்டிக்காரர் என்றே சொல்கிறேன். தென்காசி பஜாரில் மலைச்சரக்கு மண்டி. ஏலம், மிளகு, புளி, தேன் என்று மலையிலிருந்து இறங்குகிற சரக்கில் பாதி அவர் தராசில் ஏறித்தான் வெளியூருக்குப் போகும். பதின்மூன்று வருஷம் அவரோடு குடித்தனம் செய்தேன். கை நீட்டுகிற மனிதர். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதுவதாக இல்லை.

எங்கள் ஜனங்களிடையே தீர்த்துவிடுகிற வழக்கம் உண்டு. நாலு பெரியவர்களுக்கு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்து, ஒரு துரும்பின் இரண்டு நுனியையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து முறித்துப் போட்டால் கல்யாணம் தீர்ந்தது. அப்படித்தான் ஒரு பங்குனி மாதத்தில் நாங்கள் தீர்ந்தோம். பெரியவர்கள் விவரமானவர்கள். துரும்போடு விடாமல் ஒரு பத்திரமும் எழுதி ரிஜிஸ்தர் செய்ய வைத்தார்கள். பஜாரில் அவருக்கு இருந்த இரண்டு கடைகளின் வாடகையிலிருந்து மாதம் இருபது ரூபாய் எனக்கு ஜீவனாம்சம். எங்கள் மகள் பதினெட்டு வயது நிரம்பும்வரை என்னிடம் இருப்பாள். இதுதான் பத்திரத்தின் சாரம்.

சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி என்று நாலு மாதம் மண்டிக் கணக்குப்பிள்ளை கையில் ரூபாய் வந்தது. கொடுக்கும்போதெல்லாம் அவர்களுடைய ரசீதுப் புத்தகத்தில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனார். என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ஆவணியில் பணம் நின்றது. கேட்டு அனுப்பினால் சரக்கு தேங்கிக் கிடக்கிறது, அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று பதில் வரும். போனால் போகிறது, அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க இருபது ரூபாய் கொடுத்ததாக நினைத்துக்கொள்கிறேன் என்று நானும் இருந்துவிட்டேன்.

அடுத்த வைகாசியில்தான் இடி விழுந்தது. தென்காசிக் கோர்ட்டில் மண்டிக்காரர் வழக்குப் போட்டார். அதில் அவர் எழுதியிருந்ததை வக்கீல் எனக்குப் படித்துச் சொன்னபோது என் காதையே நம்ப முடியவில்லை. பத்திரம் ஏதோ கோபத்தில் எழுதியதாம். ஆவணி மாதமே நாங்கள் சமாதானம் ஆகிவிட்டோமாம். அன்றோடு பத்திரம் செல்லாமல் போய்விட்டதாம். நான் இன்னும் அவருடைய பெண்டாட்டிதானாம். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாததால் குற்றாலக் காற்றுக்காக மேலகரத்தில் அவரே வீடு பிடித்து வைத்திருக்கிறாராம். இப்போது பிள்ளை தேறிவிட்டாளாம்; ஆனால் நான் பிடிவாதமாக வீடு திரும்ப மறுக்கிறேனாம். எங்கள் இரண்டு பேரையும், முதலில் பிள்ளையையாவது, அவர் வீட்டுக்கு அனுப்ப உத்தரவு போடவேண்டுமாம்.

அவருக்கு நான் தேவையில்லை. பிள்ளைதான் தேவை. செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஏலத் தோட்டம் வைத்திருந்த கூட்டாளி ஒருவருக்கு, மனைவியை இழந்தவருக்கு, நாற்பதைத் தாண்டியவருக்கு, என் பன்னிரண்டு வயது மகளைக் கொடுப்பதாகப் பேச்சு முடிந்திருந்தது. பதினாலு நிரம்பாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்யக்கூடாது என்று நம் பக்கம் சட்டம் வந்துவிட்டது. செங்கோட்டையோ திருவிதாங்கூர் ராஜ்யம். பிள்ளையை வண்டியில் ஏற்றி அங்கே கொண்டுபோய்த் தாலி கட்டிவிட்டால் யாரும் ஏன் என்று கேட்க முடியாது.

பெரியவர்கள் சாட்சி சொல்ல மாட்டார்களா என்று கேட்பீர்கள். துரும்பு முறித்ததற்குச் சொல்வார்கள். பிற்பாடு நாங்கள் சமாதானம் ஆகவில்லை என்பதற்கு அவர்கள் எப்படிச் சாட்சி சொல்ல முடியும்? நடக்காத ஒன்றை நடக்கவில்லை என்று நிரூபிக்க ஒரு வழியும் தெரியாமல் வக்கீல் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் இந்த நோட்டீஸ்.

கேரியரை அனுப்பின கையோடு பஸ் பிடித்துத் தென்காசிக்குப் போய் அதை வக்கீல் மேஜைமேல் வைத்தேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், வார்த்தைக்கு வார்த்தை தங்கச்சி என்பார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பாதியில் எழுந்து நின்றுவிட்டார்.

"தங்கச்சி! இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"தெரிஞ்சா உங்ககிட்ட எதுக்கு வாறேன், அண்ணாச்சி? என்னைய செயில்ல போடப் போறாங்களா?"

"உன்னையப் போடலட்டி, அவரு தானா வந்து மாட்டியிருக்காரு!" என்று மேஜையைத் தட்டினார். பிறகு என்னை உட்காரவைத்து விளக்கினார். இதைக் கேட்டபோது எனக்கு உண்டான சிலிர்ப்பை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

வரிச் சட்டத்தில் ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு மனிதர் தன் பெண்டாட்டிக்குப் போடுகிற சோறு, எடுத்துக் கொடுக்கிற சேலை, கைச்செலவுக்குக் கொடுக்கிற காசு எல்லாம் அவருடைய சொந்தச் செலவு. அதற்காக வருமானத்தில் சல்லிக்காசு கழிக்க முடியாது. ஆனால் தீர்ந்துபோன பெண்டாட்டிக்கு, இன்ன கட்டடத்து வாடகையிலிருந்து இவ்வளவு என்று பத்திரத்தால் கட்டுப்படுத்தி வைத்துவிட்டால், அந்தப் பங்கு அவர் கைக்கு வருவதற்கு முன்பே அவளுடையதாகிவிடுகிறது. அவர் வருமானத்தில் அது சேராது. அவள் வருமானத்தில் சேரும். அவளுக்கு வரி உண்டா இல்லையா என்பதை அவள் கணக்கில் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த வருஷம் மலைச்சரக்கு விலை ஏறி மண்டிக்காரருக்கு நல்ல லாபம். வரியைக் குறைக்க எங்கெங்கே கழிக்கலாம் என்று தேடியிருக்கிறார். கடை வாடகையில் வருஷத்துக்கு இருநூற்று நாற்பது ரூபாய் எனக்குப் போய்விட்டதாக இன்கம்டாக்ஸ் கணக்கில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். கோர்ட்டில் நான் பெண்டாட்டி. வரி ஆபீசில் நான் தீர்ந்தவள். இதில் அவருக்கு மிச்சமாகப் போவது எவ்வளவு என்று வக்கீலைக் கேட்டேன். விரல் விட்டுக் கணக்குப் போட்டு, பத்து பன்னிரண்டு ரூபாய் என்றார். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து குமாஸ்தா எட்டிப் பார்த்தார்.

"இந்த நோட்டீசையே கோர்ட்டில காட்டிருவோம், அண்ணாச்சி."

வக்கீல் முகம் சுருங்கியது. நோட்டீஸில் இருந்தது வெறும் கேள்விதான். இன்ன பத்திரப்படி இன்னாரிடமிருந்து உமக்கு வருமானம் வந்ததா, நேரில் வந்து சொல்லவும் என்று இருந்ததே தவிர, இன்னார் இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று இல்லை. மண்டிக்காரர் எழுதின தாள் ஆபீசில் இருக்கிறது. அதை அந்த ஆபீசர் தந்தால்தான் உண்டு. நோட்டீஸில் சொன்ன நாளில் ஆபீசரைப் பார்க்க ஜட்கா வண்டியில் குற்றாலம் போகும் வழியெல்லாம் வக்கீல் வேறொரு கவலையும் பட்டார். பணம் வரவில்லை என்று நான் சொன்னால், கழிவு கிடையாது என்று ஆபீசர் அடித்துவிடுவார். மண்டிக்காரரும் அப்படியே விட்டுவிடுவார். நமக்கு ஒன்றும் மிஞ்சாது. எல்லாம் வந்தது என்று சொன்னால், எட்டு மாதப் பணத்துக்கும் பட்டை நாமம், பொய்ச் சத்தியம் வேறு. எதைச் சொல்லப் போகிறாய் என்று கேட்டார். தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

சீசன் வந்தால் எந்த ஆபீசருக்கும் கேம்ப் குற்றாலத்தில்தான். இந்த ஆபீசரும் அருவிக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு பங்களாவில் இறங்கியிருந்தார். வராந்தாவில் பஜார் முதலாளிகள் சிவப்புத் துணியில் கட்டின பேரேட்டுக் கணக்குப் புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.  என்னைப் பார்த்ததும் எல்லாக் கண்களும் என் பக்கம் திரும்பின. நான் தலையை நிமிர்த்திக்கொண்டு போய் அவர்களுக்கு நடுவிலேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஆபீசர் காலையில் அருவியில் குளித்துவிட்டு வந்திருக்கவேண்டும். தலை இன்னும் ஈரம், நாற்காலி முதுகில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. வெளியூர்க்காரர், நிதானமாகப் பேசினார். முதலில் எனக்கு வேறு வருமானம் உண்டா என்று கேட்டார். சீசனில் சாப்பாடு போட்டுக் கொடுக்கிறேன் என்று, கேரியர் எத்தனை, மாதம் எவ்வளவு மிஞ்சும் என்பதெல்லாம் பெருமையாக விவரித்தேன். அவர் குறித்துக்கொண்டு, "இந்த ஜீவனாம்சத்தையும் சேர்த்தால்கூட வரி கட்டுகிற வரம்புக்குப் பக்கத்தில் வரவில்லை, அம்மா. பயப்பட வேண்டாம்" என்றார். எனக்குக் கொஞ்சம் ரோஷமாகத்தான் இருந்தது.

"சரி. பத்திரப்படி போன வருஷத்துப் பணம் வந்ததா?"

வக்கீல் என்னைப் பார்த்தார். அருவிச் சத்தம் அறைக்குள் நிறைந்திருந்தது. எதற்காக யோசிக்கவேண்டும் என்று திடீரென்று தோன்றிவிட்டது. இரண்டு ஆபீசில் இரண்டு விதமாகப் பேசுகிறவர் ஒருவர் போதும்.

"நாலு மாசம் வந்துச்சு, ஐயா. ஆவணியிலேர்ந்து பங்குனி வரைக்கும் எட்டு மாசம் வரல."

ஆபீசர் பேனாவை வைத்தார். புருவம் மட்டும் கொஞ்சம் உயர்ந்தது. நான் விடவில்லை. மண்டிக்காரர் எழுதிக் கொடுத்ததற்கு ஒரு நகல் வேண்டும், என் பிள்ளை விஷயமாகக் கோர்ட்டில் காட்டவேண்டும் என்று கேட்டேன்.

"முடியாது, அம்மா. இந்த ஆபீசுக்கு வருகிற கணக்கை நான் யாருக்கும் காட்டக்கூடாது. கோர்ட்டே கேட்டாலும் கொடுக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது."

எனக்கு வந்த கோபத்தில் யார் முன்னால் நிற்கிறோம் என்பதே மறந்துபோனது.

"அப்ப ஒரு மனுசன் உங்ககிட்ட ஒண்ணு எழுதுவான், ஜட்ஜ் ஐயாகிட்ட இன்னொண்ணு எழுதுவான். நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கிடவே மாட்டியளா? என் பிள்ளைய வண்டியில ஏத்திக்கிட்டுப் போன பொறவு பாத்துக்கிடுவியளா?"

வக்கீல் என் முந்தானையைப் பிடித்து இழுக்காத குறை. ஆபீசர் கோபப்படவில்லை. பேனாவை மறுபடியும் எடுத்துக்கொண்டு, "எட்டு மாதப் பணம் உங்களிடம் வந்து சேர்ந்ததற்கு அத்தாட்சி காட்டும்படி அவருக்கு எழுதுவேன். காட்டாவிட்டால் கணக்கு பொய் என்று ஆகும். அப்புறம் எல்லாப் பேரேட்டையும் எடுத்துப் பார்க்கவேண்டியிருக்கும். அவ்வளவுதான் நான் செய்ய முடிந்தது" என்றார்.

வண்டியில் திரும்பும்போது வக்கீல் நோட்டீஸையே மறுபடியும் படித்துக்கொண்டு வந்தார். எனக்கோ நிலைகொள்ளவில்லை. எல்லாப் பேரேட்டையும் என்று ஆபீசர் சொன்னாரே, அந்தச் சொல்லிலேயே மனம் சுற்றிச் சுற்றி வந்தது. பத்து ரூபாய்க் கழிவு போனால் மண்டிக்காரர் துடைத்துப் போட்டுவிடுவார். பேரேடு என்றால் அவருக்குத் தூக்கம் வராது. கட்டாயம் என்னிடம் வருவார் என்று வக்கீலிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

நாலாம் நாள் மண்டிக்காரர் வந்தார். வில்வண்டி என் வாசலில் நின்றபோது நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்து, கேரியர்களுக்கு நடுவே கால் வைக்க இடம் தேடினார். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். நல்ல காலம்.

சட்டைப்பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்தார். எட்டு மாதத்துக்கும் எழுதி, ஸ்டாம்பு ஒட்டித் தயாராக இருந்தது.

"ஏட்டி, இதுல ஒரு கையெழுத்துப் போடு. ரூவாய அப்புறம் குடுத்து விடுதேன்."

"ரூவா வரட்டும், போடுதேன்."

"என் பேச்சுல நம்பிக்கை இல்லையாக்கும்?"

"ஆவணியிலேர்ந்து இல்ல."

அவர் கழுத்து நரம்பு புடைத்தது. முந்தின காலமாக இருந்தால் அடுத்து என்ன நடந்திருக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். என் கையில் கொதிக்கிற எண்ணெயில் முக்கின கண் கரண்டி இருந்தது. அவர் அதைப் பார்த்தார்.

"நீ எத்தன நாளைக்கு ஆடுதேன்னு பாக்கேன். வார வெள்ளிக்கெழம கோர்ட்டுல உத்தரவு ஆயிரும். நீ எங்கிட்ட வாங்குத ரூவாயும் எம் வீட்டுக்குத்தான திரும்பி வரும்?"

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதின்மூன்று வருஷ குடித்தனத்திலிருந்து என்றுதான் சொல்லவேண்டும். மண்டியில் கடிதம் எழுதக் கணக்குப்பிள்ளை உண்டு. ஆனால் மணியார்டர் மட்டும் அவரே எழுதுவார். பாரத்தின் ஓரத்தில் பணம் வாங்குகிறவர் கிழித்து வைத்துக்கொள்வதற்கு ஒரு சின்னக் கூப்பன் இருக்குமே, அதில் இன்ன சரக்கு, இன்ன தேதி, இன்ன பாக்கி என்று பொடி எழுத்தில் விளிம்பு வரைக்கும் நிரப்பாவிட்டால் அவருக்கு மனசு ஆறாது. விவரம் எழுதாமல் அவர் அனுப்பின ரூபாயை நான் பார்த்ததே இல்லை.

குரலை முடிந்தமட்டும் சாதாரணமாக வைத்துக்கொண்டேன்.

"என் கையெழுத்த அந்த ஆபீசர் நம்புவாரா? வரலன்னு நானே அவர்கிட்டச் சொல்லியாச்சு. இப்ப வந்துச்சுன்னு ரசீது குடுத்தா, மிரட்டி வாங்கினியளோன்னுதான் கேப்பாரு. தபாலாபீசு சீல் போட்ட காகிதம்னா கவர்மெண்டு காகிதம்லா. மணியார்டர் பண்ணிருங்க. வந்த அன்னைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்புதேன்."

அவர் வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டார். பிறகு ரசீதை மடித்து உள்ளே வைத்தார். "இப்பமாவது புத்தி வந்துச்சே" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார். வில்வண்டி திரும்புகிற வரைக்கும் அப்பளத்தைப் பொரித்துக்கொண்டே இருந்தேன். அத்தனையும் கருகிப்போனது.

அதற்குப் பிறகு வந்த மூன்று நாட்கள் இருக்கிறதே, அதை நான் யாருக்கும் விரும்ப மாட்டேன். அவர் மணியார்டர் அனுப்புவாரா? அனுப்பினாலும் கூப்பனில் என்ன எழுதுவார்? குடும்பச் செலவுக்கு என்று எழுதிவிட்டால் என் கதை முடிந்தது. அதுவே அவருக்குச் சாட்சியாகிவிடும், நானே என் கழுத்தில் கயிற்றை மாட்டிக்கொண்டதாக ஆகும். ஆனால் குடும்பச் செலவுக்கு என்று எழுதினால் வரி ஆபீசருக்கு அது அத்தாட்சி ஆகாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் மகள் நின்றாள். அவளோ ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், வெண்டைக்காய் நறுக்கிக் கொடுத்தாள். குழந்தைக்கு விவரம் தெரியவில்லை, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் தபால்காரர் வந்தார். "எம்மா, உனக்கு நூத்தி அறுவது ரூவா!" என்று தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். ரூபாயை எண்ணி வைத்தார். நான் அதைப் பார்க்கவே இல்லை. காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். அவர் கூப்பனைக் கிழித்துக் கொடுத்ததும் கையில் வாங்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனேன். எனக்கு நன்றாகப் பழக்கமான அந்தப் பொடி எழுத்து, விளிம்பு வரைக்கும்.

'ரிஜிஸ்தர் பத்திரப்படி, தீர்த்துவிட்ட முன்னாள் மனைவிக்கு, கடை வாடகையில் சேரவேண்டிய ஜீவனாம்சம், ஆவணி முதல் பங்குனி முடிய மாதம் எட்டுக்கு.'

கீழே கையெழுத்து. ஓரத்தில் தென்காசித் தபாலாபீஸ் முத்திரை.

நான் கத்தினேன். தபால்காரர் பதறிப்போய், "என்னம்மா, ரூவா கொறையுதா?" என்று மறுபடியும் எண்ண ஆரம்பித்துவிட்டார். அவருக்குச் சிரித்துக்கொண்டே ஒரு டம்ளர் பாயசம் கொடுத்தேன். அன்றைக்கு எட்டாம் நம்பர் பங்களாவுக்குப் போன கேரியரில் பாயசம் குறைந்தது.

வெள்ளிக்கிழமை கோர்ட்டு நிரம்பியிருந்தது. மண்டிக்காரர் வழக்கு என்றால் பஜாரே திரண்டு வந்து நிற்கும். அவரோடு உண்டியல் என்கிற கடன்சீட்டில் பணம் புழங்குகிறவர்கள், சரக்குக்கு முன்பணம் கொடுத்தவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். அவர் கூண்டில் ஏறி, ஆவணியில் சமாதானம் ஆன கதையைத் தடங்கல் இல்லாமல் சொன்னார். எந்தக் கிழமையில் வந்தேன், என்ன சேலை வாங்கிக் கொடுத்தார் என்பதுகூட அதில் இருந்தது. இல்லாத அந்தச் சேலையின் நிறத்தைக் கேட்டு எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது.

என் வக்கீல் எழுந்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கூப்பனை நீட்டி, "இது உங்க கையெழுத்தா?" என்றார்.

மண்டிக்காரர் அதை வாங்கிப் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தின் நிறம் மாறிவிட்டது. வழக்கமாக எழுதுகிற அந்தத் துண்டு கோர்ட்டு வரைக்கும் வரும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் நினைப்பெல்லாம் தன்னிடம் இருக்கிற தபாலாபீஸ் ரசீதின் மேல்தான் இருந்திருக்கிறது. அவருடைய வக்கீல் மெல்ல இருமினார், இல்லை என்று சொல் என்பதற்கு அடையாளமாக.

சொல்லியிருக்கலாம். யாரோ என் எழுத்தைப் போல எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிபுணரைக் கூப்பிடு, தேதியைத் தள்ளு என்று வழக்கு இழுபடும். அதற்குள் பிள்ளை செங்கோட்டை தாண்டிவிடுவாள். 

ஆனால் பஜார் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நாளில் எங்கள் ஊர் வியாபாரமெல்லாம் கையெழுத்தில்தான் நடந்தது. ஒரு துண்டுச் சீட்டில் நாலு எழுத்து எழுதிக் கொடுத்தால் ஆயிரக்கணக்கில் சரக்கு இடம் மாறும். வாயால் என்ன பொய்யும் சொல்லலாம், அதை வியாபாரத் தந்திரம் என்று எடுத்துக்கொள்வார்கள். தன் எழுத்தைத் தன்னுடையது இல்லை என்று சொன்னவனுக்கு மறுநாள் ஒரு மூட்டை மிளகுகூட யாரும் கடன் தர மாட்டார்கள். மண்டிக்காரர் ஒருமுறை தலையைத் தூக்கி அந்தக் கூட்டத்தைப் பார்த்தார்.

"என் எழுத்துதான்" என்றார்.

அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. உடனே என்மேலேயே கோபமும் வந்தது.

ஜட்ஜ் கூப்பனை வாங்கி இரண்டு தடவை படித்தார். ஆவணியில் சமாதானம் ஆன மனைவிக்கு, ஆவணி முதல் எதற்காக ஜீவனாம்சம் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். மண்டிக்காரர் தன் வக்கீலைத் திரும்பிப் பார்த்தார். மனு தள்ளுபடி, பத்திரத்தில் கண்டபடி பிள்ளை தாயிடம் இருக்கவேண்டியது என்று உத்தரவு ஆனபோது வக்கீல் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. வாசலில் மண்டிக்காரர் என்னைத் தாண்டிப் போகும்போது, "தபால்ல கையெழுத்துப் போட்டாச்சா?" என்று மட்டும் கேட்டார். போட்டாச்சு என்றேன். வரிக் கணக்காவது தப்பியது என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மேலகரம் வரைக்கும் நடந்தேனா ஓடினேனா தெரியாது. மகள் வீட்டில் இருந்தாள். அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லையாம். நடுக்கூடத்தில் அவளுடைய தகரப்பெட்டி திறந்து கிடந்தது. பாவாடை சட்டை எல்லாவற்றையும் அவளே மடித்து அடுக்கியிருந்தாள். சீப்பு, ரிப்பன், ஒரு சின்ன டப்பா எண்ணெய். ஒன்றும் தெரியாத குழந்தை என்று நான் நினைத்திருந்தேன்.

"ஏட்டி, இது என்ன?"

"அப்பா வண்டி கொண்டுட்டு வந்தா அடிக்கதுக்கு முன்னால கெளம்பிரணும்லா. ஒன்னையும் அடிக்கக் கூடாதுல்லா."

பெட்டியைக் கிளறினேன். புஸ்தகம் ஒன்றைக்கூடக் காணோம்.

"புஸ்தகமெல்லாம் எங்கட்டி?"

"டீச்சர்கிட்டக் குடுத்துட்டேன். வேற யாருக்காவது ஆகும்னு." அப்போதுதான் அவள் உதடு நடுங்கியது. "அங்கன போனா படிக்க விடமாட்டாங்கல்லா?"

நான் வாய்விட்டு அழுதேன். இரண்டு வருஷமாக அவருக்கு முன்னால் அழாதது, கோர்ட்டில் அழாதது எல்லாம் சேர்ந்து வந்தது. அவள் பயந்துபோய் என் முகத்தைத் துடைத்தாள். போகவேண்டியதில்லை, எங்கேயும் போகவேண்டியதில்லை என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆனதோ.

"போ," என்றேன். "டீச்சர் வேற யாருக்கும் குடுக்கதுக்கு முன்னால போயி வாங்கிட்டு வா."

ஒரு கணம் என்னையே பார்த்தாள். அப்புறம் சாரலில் தலை நனைய அவள் தெருவில் ஓடின ஓட்டத்தை நான் மறக்க மாட்டேன். குடையை எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே ஓடினேன்.